பீஸ் இஸ் செக்கிங்

எட்டாம் வகுப்பில் படித்த வருஷத்தில் என்னை அழவைக்கும் அளவுக்கு ஆத்திரமூட்டிய வாக்கியம் ஒன்று உண்டு. அது வசவு இல்லை. ‘பீஸ் இஸ் செக்கிங்’ என்பதுதான் அது. மூன்றே சொற்கள். அம்மா இதை ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது சொல்வாள். பத்துத் தடவையும் நான் திருத்துவேன். பத்துத் தடவையும் அப்போதுதான் முதன்முதலாகக் கேட்பவள்போல, “அப்படீங்களா டீச்சர்?” என்று கேட்பாள்.

அம்மா ஒரு பனியன் கம்பெனியில் செக்கராக இருந்தாள். தைத்து வரும் உடுப்புகளை, கம்பெனிப் பேச்சில் ‘பீஸ்’களை, மேஜைமேல் விரித்து, தையல் விட்டிருக்கிறதா, எண்ணெய்க் கறை பட்டிருக்கிறதா, ஊசி ஓட்டை விழுந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத் தள்ளுகிற வேலை. காலை எட்டரை மணிக்கு மேஜை முன்னால் நின்றால் சாப்பாட்டு நேரத்தில்தான் உட்கார முடியும். செக்கிங் மேஜைகளுக்கு நாற்காலி போடும் வழக்கம் அங்கே இல்லை. வீட்டுக்கு வரும்போது கணுக்கால் வீங்கி, கொலுசு சதைக்குள் அழுந்தியிருக்கும். அதைக் கழற்றி ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு, சுவரில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் படுத்திருப்பாள். அந்த நேரத்தில் அவளிடம் எதைக் கேட்டாலும் “ம்” என்றுதான் பதில் வரும். என் பிராக்ரஸ் கார்டுகளில் பாதி அந்த நேரத்தில் கையெழுத்து வாங்கியவை.

அந்தச் செக்கிங் பகுதி முழுவதிலும் ஒரே ஒரு நாற்காலி இருந்தது. அது இன்சார்ஜுடையது. இன்சார்ஜாக இருந்த பெண் கல்யாணமாகிக் கோயமுத்தூருக்குப் போகவே நாற்காலி காலியானது. அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, அதே கம்பெனியில் மெர்ச்சண்டைசர். சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையருக்கும் கம்பெனிக்கும் நடுவில் உட்கார்ந்து நாள் முழுக்க மெயில் எழுதுவது அவருடைய உத்தியோகம். அவர்தான் மேனேஜரிடம் அம்மாவின் பெயரைச் சொன்னார். பதினோரு வருஷமாகத் துணி பார்க்கிற கண், விரலால் தடவியே குறை சொல்லிவிடுவார் என்றெல்லாம் எடுத்துச் சொல்லியிருக்கிறார். மேனேஜரும் சரி என்றுவிட்டார். ஆனால் இன்சார்ஜ் தினமும் ரிப்போர்ட் எழுத வேண்டும். அது இங்கிலீஷில் இருக்க வேண்டும். அந்தத் தாளைப் போட்டோ எடுத்து பையருடைய பெங்களூர் ஆபீசுக்கு அனுப்புவார்கள்.

அம்மா பத்தாவது வரை தமிழில் படித்தவள். வேண்டாம் என்றுதான் முதலில் சொன்னாள். மாமா விடவில்லை.

“நாலே நாலு வரிதானுங்க்கா. எந்த லாட்டு, அது என்ன ஆச்சு, அவ்வளவுதான். நம்ம பாப்பா இங்கிலீஷ் மீடியந்தானே, அது சொல்லிக் குடுக்காதா?”

இப்படித்தான் நான் டீச்சரானேன். என் வகுப்பில் இங்கிலீஷ் கிராமரில் நான்தான் முதல். அந்த கர்வம் எனக்கு அப்போது தலைக்குமேல் இருந்தது. இரண்டு மாதம் சோதனையாகப் பார்த்துவிட்டுத்தான் வேலையை நிரந்தரமாகக் கொடுப்பதாகக் கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். நான் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. மறுநாளே பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் எங்கம்மா குவாலிட்டி இன்சார்ஜ் என்று சொல்லிவிட்டேன். பஸ் பாஸுக்கான படிவத்தில் தாயாரின் தொழில் என்ற இடத்திலும் அப்படியே எழுதினேன். அப்போது அம்மாவுக்கு ‘இஸ்’ எங்கே வரும் ‘ஆர்’ எங்கே வரும் என்பதே தெரியாது.

பாடம் காலையில் நடக்கும். அம்மா பின்னால் உட்கார்ந்து எனக்கு இரட்டைப் பின்னல் போடுவாள், நான் சுவரைப் பார்த்தபடி கேள்வி கேட்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் முறையான வகுப்பு. பேக்கிங் பெட்டியின் அட்டை ஒன்றை வெட்டி, அதில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதுவேன். அப்பா அனுப்பர்பாளையத்தில் ஒரு பாத்திரப் பட்டறையில் பாலிஷ் வேலை செய்துகொண்டிருந்தார். வகுப்பு ஆரம்பிக்கிற சாயல் தெரிந்ததும் டீ டம்ளரை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார். தன்னையும் சேர்த்துவிடுவார்களோ என்ற பயம் அவருக்கு.

முதல் சண்டை ஒருமை பன்மையில் வந்தது. ‘லாட்’ என்றால், அதாவது ஒரே தடவையில் அனுப்புகிற மொத்தச் சரக்கு என்றால், ‘இஸ்’ போட வேண்டும் என்றேன். அம்மா சீப்பை நிறுத்திவிட்டாள்.

“ஒரு லாட்டுல நாலாயிரம் பீஸ் இருக்குது கண்ணு. அது எப்படி ஒண்ணாகும்?”

பீஸ் எத்தனை இருந்தாலும் லாட் என்று சொல்லிவிட்டால் அது ஒருமைதான், நாலாயிரத்தையும் சேர்த்து ஒரே பொருளாகத்தான் எண்ண வேண்டும் என்று விளக்கினேன். வகுப்பில் எத்தனை பேர் இருந்தாலும் வகுப்பு ஒன்றுதானே என்றும் சொன்னேன். அம்மா வெகுநேரம் யோசித்தாள். என் தலைமுடி அவள் கையில் பாதி பின்னியபடி நின்றது. எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

அது சுலபமான சண்டை. பெரிய சண்டை ‘இங்’கில் வந்தது.

பீஸை யாரோ செக் பண்ணுகிறார்கள். பீஸ் யாரையும் செக் பண்ணவில்லை. ஆகவே ‘பீஸ் இஸ் செக்கிங்’ என்றால் தப்பு. ‘பீஸ் இஸ் பீயிங் செக்டு’ என்று சொல்ல வேண்டும். இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. தமிழிலேயே செயப்பாட்டு வினை இருக்கிறதே, பத்தாவதில் படித்திருப்பாயே என்று கேட்டேன். படித்ததாகத்தான் அம்மா சொன்னாள். பாடம் படிக்கப்பட்டது, மரம் வெட்டப்பட்டது என்று பரீட்சையில் எழுதியும் இருக்கிறாளாம். ஆனால் அப்படிப் பேசுகிற ஒரு மனுசரை அதற்குப் பிறகு தான் பார்த்ததே இல்லை என்றாள்.

இன்றைக்கு நினைத்துப் பார்த்தால் தப்பு அம்மாவுடையது மட்டும் இல்லை. எங்கள் ஊர்க்காரர்கள் எல்லாருடைய வாயிலும் துணி பிறந்ததிலிருந்து பெட்டிக்குள் போகிற வரை ‘இங்’கிலேயேதான் இருக்கிறது. நூல் நிட்டிங் போகும். துணி சாயம் ஏற டையிங் போகும், சுருங்காமலிருக்கக் காம்பாக்டிங் போகும், கட்டிங் போகும். அப்புறம் ஸ்டிச்சிங், செக்கிங், அயர்னிங், பேக்கிங். சரக்கு எங்கே என்று யாராவது போனில் கேட்டால், “டையிங்ல இருக்குதுங்க” என்பார்கள். அந்த ‘இருக்குது’வை அம்மா ‘இஸ்’ ஆக்கினாள். மிச்சம் அப்படியே இருந்தது. கிளாத் இஸ் டையிங். கிளாத் இஸ் கட்டிங். அவள் கணக்கில் அது முழுசாக மொழிபெயர்த்த வாக்கியம்.

‘கிளாத் இஸ் டையிங்’ என்றால் துணி செத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம் வந்துவிடும் என்றேன். அம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு அக்கா என்னவென்று எட்டிப் பார்த்தார். அடுத்த அரை மணி நேரம் பாடம் நடக்கவில்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது. பரீட்சை வைத்தால் பத்துக்கு இரண்டு வாங்குகிறவள் இப்படிச் சிரிக்கலாமா என்று தோன்றியது.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை நிலைமை இன்னும் மோசமானது. வீட்டில் நடப்பதையெல்லாம் இங்கிலீஷில் சொல் என்று அம்மாவுக்கு வேலை கொடுத்திருந்தேன். அவள் சமையல் செய்துகொண்டே சொன்னாள். ‘ரைஸ் இஸ் பாயிலிங்.’ நான் சரி என்றேன். ‘டிரெஸ் இஸ் வாஷிங்.’ தப்பு, ‘இஸ் பீயிங் வாஷ்டு’ என்றேன். கொடியைப் பார்த்து ‘டிரெஸ் இஸ் டிரையிங்’ என்றாள். அது சரி என்றேன்.

அம்மா கரண்டியோடு திரும்பினாள்.

“துணி காஞ்சா சரி, துணி தொவைச்சா தப்புங்கறே. அரிசி தானா கொதிக்குதா? நானில்ல அடுப்பப் பத்த வெச்சேன்?”

அதுதான் அப்படி, அதை மனப்பாடம் பண்ண வேண்டியதுதான் என்று கத்தினேன். திங்கட்கிழமை எங்கள் இங்கிலீஷ் மிஸ்ஸிடம் கேட்டேன். அவரும் கொஞ்சம் யோசித்துவிட்டு, இது உங்கள் போர்ஷனில் வராது என்றார். போர்ஷனில் வராத கேள்வியை என்னிடம் கேட்டுவிட்டாளே என்று அம்மாமேல் இன்னும் கோபம் வந்தது.

அம்மாவோ இரண்டு மூன்று நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரு காலை, என் பின்னலுக்கு ரிப்பன் கட்டும்போது தானாகவே சொன்னாள்.

“கண்ணு, கொதிக்கறது, காயறதெல்லாம் நாம அக்கட்டால போனாலும் அதும்பாட்டுக்கு நடக்கும். தொவைக்கறதும் செக் பண்றதும் ஆளு போயிட்டா நின்னு போயிரும். பீயிங்னு போட்டா, அங்க ஒரு ஆளு நின்னு செஞ்சுட்டு இருக்கறாங்கன்னு அர்த்தம். பேரு மட்டும் சொல்ல மாட்டாங்க. அப்படித்தானே?”

அப்படி எந்தப் புத்தகத்திலும் இல்லை என்றேன். ஆனால் அதற்குப் பிறகு அம்மா தப்பு செய்வது திடீரென்று குறைந்துவிட்டது. ‘இஸ் பீயிங் செக்டு’ என்றால் ஆள் இன்னும் நிற்கிறார், ‘இஸ் செக்டு’ என்றால் வேலை முடிந்தது, ஆள் போய் உட்காரலாம். இப்படி அவளாக ஒரு வழி வைத்துக்கொண்டு சரியாகவே எழுதினாள். நான் சொல்லிக்கொடுத்த வழியில் புரிந்துகொள்ளாமல் வேறெந்த வழியிலோ புரிந்துகொண்டது எனக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் மார்க் போட வேண்டியிருந்தது.

சோதனைக் காலம் ஆரம்பமானது. அம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். முதல் வாரத்தில் ரிப்போர்ட்டை எழுதி, மாமாவிடம் காட்டிவிட்டுக் கொடுத்தாள். பிறகு காட்டாமலே கொடுத்தாள். மேனேஜர் ஒன்றும் சொல்லவில்லை என்று மாமா வந்து சொன்னார். ஒன்றும் சொல்லாமல் இருப்பது அந்த மேனேஜரிடம் பெரிய பாராட்டாம். அம்மாவின் கால் வீக்கம் வடிய ஆரம்பித்தது. சாயங்காலம் வந்ததும் படுக்காமல் என்னோடு உட்கார்ந்து டீ குடித்தாள். எல்லாம் என்னால்தான் என்று நான் நினைத்துக்கொண்டேன். சோதனை முடிய ஒரு வாரம்தான் பாக்கி இருந்தது.

அந்த வியாழக்கிழமை கம்பெனியில் நடந்ததை நான் முழுசாகத் தெரிந்துகொண்டது எத்தனையோ வருஷம் கழித்து. அம்மாவோடு செக்கிங்கில் இருந்த ஒரு அக்காவை ஒரு கல்யாண வீட்டில் பார்த்தபோது அவர் சொன்னார். அதை இந்த இடத்தில் சொல்லிவிடுவதுதான் நல்லது.

கைக்குழந்தைகளுக்கான உடுப்பு அது. மஞ்சள் துணியில் வாத்துப் படம் போட்டது. மத்தியானத்துக்குள் லாட்டை முடித்து, தூத்துக்குடி போகிற லாரியில் ஏற்ற வேண்டும். காலையில் தையல் லைனில் ஒரு மெஷினில் ஊசி உடைந்துவிட்டது. ஊசி உடைவது தினமும் நடப்பதுதான். ஆனால் உடைந்த துண்டுகள் எல்லாவற்றையும் தேடி எடுத்து, ஒரு நோட்டில் டேப் போட்டு ஒட்டிக் காட்ட வேண்டும். ஒரு துண்டு குறைந்தாலும் அது ஏதோ ஒரு உடுப்புக்குள் இருக்கலாம் என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். அன்றைக்கு நுனி கிடைக்கவில்லை.

அம்மா லாட் முழுவதையும் மெட்டல் டிடெக்டரில் விடச் சொன்னாள். இரும்பு இருந்தால் கத்துகிற மெஷின் அது. வெளியே இருந்த பீஸ்களை எல்லாம் விட்டுப் பார்த்தார்கள். அது கத்தவில்லை. மிச்சம் இருந்தவை ஏற்கெனவே பெட்டி கட்டியவை. அவை ஊசி உடைவதற்கு முன்னாலேயே தைத்தவை, பிரிக்க வேண்டியதில்லை என்று மேனேஜர் சொன்னார். அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது, பண்டல்கள் மாறிப் போயிருக்கின்றன என்று அம்மா சொன்னாள். அதற்குள் லாரி டிரைவர் இரண்டு தடவை வந்து கேட்டுவிட்டுப் போயிருந்தார். பெங்களூர் ஆபீசிலிருந்தும் போன் வந்துவிட்டது.

மேனேஜர் கெட்ட மனுசர் இல்லை, அவசரத்தில் இருந்தார் என்றுதான் அந்த அக்கா சொன்னார். ரிப்போர்ட் நோட்டை அம்மா முன்னால் வைத்து, குழப்பமாக இருந்தால் ‘லாட் இஸ் செக்டு’ என்று ஒரு வரி எழுதிவிடுங்கள், யாரும் தப்புச் சொல்ல மாட்டார்கள், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். அம்மா எழுதினாள். மேனேஜர் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். போட்டோ எடுத்து அனுப்பினார்கள்.

கால் மணி நேரத்தில் பெங்களூரிலிருந்து பதில் வந்தது. செக்கிங் முழுவதும் முடிந்தபிறகு சரக்கை அனுப்பினால் போதும், முடிவைத் தெரிவிக்கவும் என்று. அம்மா எழுதியிருந்தது ‘லாட் இஸ் பீயிங் செக்டு’.

லாரி அந்தச் சரக்கு இல்லாமல் போனது. அன்று முழுவதும் பெட்டிகளைப் பிரித்து ஒவ்வொரு பீஸாக மெஷினில் விட்டார்கள். எதிலும் ஒன்றும் இல்லை. மறுநாள் மெக்கானிக் அந்தத் தையல் மெஷினைக் கழற்றியபோது, ஊசி நுனி அடியில் இருந்த எண்ணெய்த் தொட்டியில் கிடந்தது. மேனேஜர் அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டார். அம்மா தலையைக் குனிந்துகொண்டு, “எனக்கு இங்கிலீஷ் சரியா வராதுங்க சார், மாறிப் போச்சுங்க” என்று மட்டும் சொன்னாளாம். இங்கிலீஷ் தெரியாத ஆளை உட்கார வைத்தது என் தப்பு என்று சொல்லி மேனேஜர் அவளைத் திரும்ப மேஜைக்கு அனுப்பிவிட்டார்.

எனக்கு அப்போது தெரிந்ததெல்லாம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாமா வந்து சொன்னதுதான். அவர் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை. அம்மா சுவரில் காலைப் போட்டுப் படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்தாள். அப்பா அன்று வெளியே போகவில்லை.

மாமா கோபத்திலும் மரியாதை குறையாமல் பேசுகிறவர். அது இன்னும் சங்கடமாக இருக்கும். தான் எவ்வளவு பேசி இந்த வேலையை வாங்கினேன் என்பதையும், இன்னும் ஒரு வாரம் பொறுத்திருந்தால் நிரந்தரமாகியிருக்கும் என்பதையும், இல்லாத ஒரு துண்டுக்காக லாரி நின்றுபோனதையும் வரிசையாகச் சொன்னார். பிறகு போனை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“இதப் பாரு கண்ணு. நீ என்னத்தச் சொல்லிக் குடுத்தே?”

ரிப்போர்ட்டின் போட்டோ. அம்மாவின் உருண்டையான எழுத்து. நான் படித்தேன். முடிந்த வேலைக்கு ‘பீயிங்’ போட்டிருக்கிறாள். இரண்டு மாதத்துக்குமேல் அட்டையில் எழுதி எழுதி, தொண்டை வற்றக் கத்தி, பஸ்ஸைத் தவறவிட்டு, கடைசியில் இந்த ஒரே ஒரு வரியில் தப்பு. அதுவும் என் பெயர் கெடும்படியாக. மாமாவின் கண்ணில் நான் சொல்லிக்கொடுக்கத் தெரியாதவள் ஆகிவிட்டேன்.

என் நோட்டை ஓடிப்போய் எடுத்துவந்தேன். நான் சரியாகத்தான் சொல்லிக் கொடுத்தேன், பாருங்க மாமா, இதோ இருக்கிறது என்று பக்கத்தைத் திறந்து காட்டினேன். அழுகை வந்துவிட்டது. அம்மாவைப் பார்த்து, “முடிஞ்சதுக்கு ‘இஸ் செக்டு’ன்னு எத்தனை தடவ சொன்னேன்? எதுக்கும்மா நடுவுல ‘பீயிங்’ போட்டே?” என்று கேட்டேன்.

அம்மா என்னைப் பார்க்காமல் மாமாவைப் பார்த்துப் பேசினாள்.

“லாட்டுன்னா நாலாயிரமும் சேந்து ஒண்ணுதானுங்க தம்பி. பாப்பா அப்படித்தான் சொல்லிக் குடுத்துச்சு.”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. நான் கேட்டது என்ன, இவள் சொல்வது என்ன? அது ‘இஸ்’ஸா ‘ஆர்’ரா என்பதற்கான விதி. இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? முதல் வாரத்துப் பாடத்தை மூன்றாவது வாரத்துப் பாடத்தோடு போட்டுக் குழப்பிக்கொண்டு, அதையும் என் தலையில் கட்டுகிறாள். அது வேற ரூல், அது வேற ரூல் என்று நான் கத்தினேன். அப்பா என்னைக் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

மாமா அம்மாவை ஒரு நிமிஷம் பார்த்தார். போனை வாங்கி, அந்தப் போட்டோவைத் தானும் இன்னொரு தடவை பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அம்மா கொடுத்த காபியைக் குடித்தார். “சரிங்க்கா, காலுக்கு எண்ணெ போட்டுத் தேய்ங்க” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். வந்தபோது இருந்த கோபம் போகும்போது எங்கே போயிற்று என்று எனக்கு விளங்கவில்லை. அக்கா என்பதால் விட்டுவிட்டார் என்று நினைத்தேன்.

நான் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை அம்மாவை உட்கார வைத்துப் பரீட்சை வைத்தேன். தண்டனை என்றே சொன்னேன். பத்து வாக்கியம். தமிழில் நான் சொல்லச் சொல்ல அவள் இங்கிலீஷில் எழுத வேண்டும். வேண்டுமென்றே கஷ்டமாகக் கொடுத்தேன். துணி வெட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது. பெட்டி கட்டப்பட்டுவிட்டது. தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கிறது. கணக்குப் பார்க்கப்படுகிறது என்றுகூட ஒன்று கொடுத்தேன். கடைசியில், லாட் செக் செய்யப்பட்டுவிட்டது, லாட் செக் செய்யப்பட்டுக்கொண்டிருக்கிறது, இரண்டையும் அடுத்தடுத்து.

அம்மா அவசரப்படாமல் எழுதினாள். அவள் கணுக்கால் மறுபடியும் வீங்கியிருந்ததால் பாயில் காலை நீட்டி, நோட்டைத் தொடைமேல் வைத்துக்கொண்டிருந்தாள். நான் வாங்கித் திருத்தினேன். ஒன்று சரி. இரண்டு சரி. ஐந்தாவதில் எழுத்துப்பிழை இருக்கும் என்று எதிர்பார்த்தேன், அதிலும் இல்லை. பத்தும் சரி. அம்மா என்னிடம் பத்துக்குப் பத்து வாங்கியது அதுதான் முதல் தடவை.

எனக்குச் சந்தோஷமே வரவில்லை. இவ்வளவு தெரிந்தவள் அங்கே மட்டும் எப்படித் தப்பு விட்டாள் என்றுதான் கேட்டேன்.

“அங்க அவசரம் கண்ணு” என்றாள் அம்மா.

அந்தப் பதில் எனக்குப் போதுமானதாக இருந்தது. எங்கள் மிஸ்ஸும் அதையேதான் சொல்வார், தெரிந்தும் தப்பு விடுவதற்கு அவசரம்தான் காரணம் என்று. திங்கட்கிழமை பள்ளிக்குப் போய், அம்மாவுக்கு வேறு பிரிவுக்கு மாற்றலாகிவிட்டது என்று தோழிகளிடம் சொல்லிச் சமாளித்தேன். அதற்கப்புறம் கல்லூரியில் படித்த காலம் வரை, எங்கம்மா ஒரே ஒரு ‘பீயிங்’கால் நாற்காலியை விட்ட கதை என்று இதை எத்தனை பேரிடம் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்க்க இப்போது எனக்குத் தைரியமில்லை. அம்மா பக்கத்தில் இருக்கும்போதும் சொல்லியிருக்கிறேன். அவளும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறாள்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு அம்மாமேல் கொஞ்சம் பரிதாபமும் வந்தது. டீச்சர் என்ற முறையில் அவளுக்கு உபயோகமாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நோட்டை மூடி அவள் கையில் கொடுத்துவிட்டு, பெரிய மனுஷி மாதிரி, “இனிமேல் குழப்பமா இருந்தா ‘பீயிங்’ போடாதம்மா. பேசாம ‘இஸ் செக்டு’ன்னு எழுதிரு. யாரும் தப்புச் சொல்ல மாட்டாங்க” என்றேன்.

அம்மா நோட்டைப் பாயோரமாக வைத்தாள். “சரிங்க டீச்சர்” என்றாள். மூன்று நாள் முன்னால் மேனேஜரும் அவளிடம் ஏறக்குறைய இதே வார்த்தைகளைத்தான் சொல்லியிருந்தார் என்பது எனக்குத் தெரியாது.